பொறுப்புள்ள கையில் ஸ்டோர் ரூம் சாவி

இதனால் இக்குடும்பத்தார் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், வருகிற விடுமுறை நாளன்று நம் இல்லத்தில் நடைபெறவிருக்கும் வருடாந்திரக் குடும்ப விருந்தை, வரலாற்றிலேயே முதன்முறையாக, குழந்தைகளே தங்கள் பிஞ்சுக் கரங்களால் சமைத்துப் பரிமாறுவார்கள். ஆண்டு முழுதும் நமக்காக அடுப்படியில் வேகும் சமையல் அக்காவுக்கு அன்று முழுநாள் ஓய்வு அளிக்கப்படுகிறது. உழைப்பு வாழ்க. பொறுப்பு வளர்க.

நான்கு வண்ணத்தில் அச்சான இந்த அறிவிப்பு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காந்தத்தால் ஒட்டப்பட்டிருந்தது. காந்தம் கடைவாய்ப் பல் வடிவத்தில் இருக்கும். அது அம்மா க்ளினிக்கிலிருந்து கொண்டுவந்தது. அம்மா பல் டாக்டர். எதிராளி வாயைத் திறந்தபடி பதில் சொல்ல முடியாமல் கிடக்கிறார் என்ற நினைப்பிலேயே வீட்டிலும் பேசுவாள்.

அறிவிப்பு அப்பாவுடையது. அவருக்கு சொந்தக்காரர்கள் வைத்த பெயர் மைக். மைக்கைக் கண்டால் விடமாட்டார், விட்டால் மைக்கும் அவரை விடாது. பிள்ளை வளர்ப்பது எப்படி என்று பெற்றோருக்குப் பாடம் எடுப்பது அவர் தொழில். 'கரண்டி பிடித்த கை கலங்காது' என்ற தலைப்பில் நாற்பத்தொரு கூட்டங்களில் பேசியிருக்கிறார். நாற்பத்தொரு முறையும் வீட்டுக்கு வந்து, குடிக்கத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்.

வீட்டை ஆபீஸ் மாதிரி நடத்த வேண்டும் என்பதும் அவர் கொள்கை. ஹாலில் ஆணியில் ஒரு லீவுப் பதிவேடு தொங்கியது. சமையல் அக்காவுக்கு அதில் தனிப் பக்கம் உண்டு. தேதி, காரணம், கையெழுத்து, குறிப்பு என்று நாலு பத்தி கோடு போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அரை நாள் கணக்கில் வராது. முழு லீவு வருஷத்துக்கு ஒன்று. அந்த ஒன்றுதான் இப்போது நாலு வண்ணத்தில் அச்சாகியிருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் மைக் அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நாளைக்கு உனக்கு லீவு."

"ஆமாங்க சார்."

"சந்தோஷந்தானே?"

"ரொம்பங்க சார். பொண்ணுகிட்ட சொல்லிட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்து பட்டாணிச் சோறு ஆக்கறதாப் பேச்சு. ஒரு வாரமா அதே பேச்சுதான்."

"பாத்தியா! இதைத்தான் நான் கூட்டம் கூட்டமாச் சொல்றேன். அதனால நீ என்ன பண்றே, நாளைக்குக் காலையில ஆறு மணிக்கே வந்துடு."

சமையல் அக்கா கையிலிருந்த துணியை ஒரு முறை பிழிந்தாள். அது காய்ந்த துணி.

"பிள்ளைங்க சமைக்கிறாங்கன்னு சொன்னீங்களே சார்."

"சமைக்கிறது பிள்ளைங்கதான். சாப்பிடறது எங்க அக்காவாச்சே!"

அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மைக்கின் அக்கா, பிள்ளைகளுக்கு அத்தை, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். வேலையிலிருந்துதான் ஓய்வு, இன்ஸ்பெக்‌ஷனிலிருந்து இல்லை. துக்க வீட்டுக்குப் போனாலும் பிணத்துக்கு நகம் வெட்டியிருக்கிறதா என்று பார்ப்பாள். போன வருஷம் விருந்து அவள் முறை. அவள் பேரன் பழம் நறுக்கினான் என்பதைப் பன்னிரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எங்கக்கா ஒரு மணிக்கு வருவா. பன்னிரண்டுக்கெல்லாம் முடிச்சுட்டு நீ பின்கதவு வழியாப் போயிடு. பன்னிரண்டரை பஸ்ஸைப் பிடிச்சுப் போய்ப் பொண்ணோட நிம்மதியா இரு. யாரு வேணாங்கறா?" என்றார் மைக்.

லீவு நாளில் அவள் பக்கம் போக இரண்டே பஸ். பன்னிரண்டரைக்கு ஒன்று, ஐந்து மணிக்கு ஒன்று. ஐந்து மணி பஸ் ஊரையெல்லாம் சுற்றிக்கொண்டு போகும், போய்ச் சேரும்போது பிள்ளை தூங்கியிருக்கும். ஞாயிறு அரை நாள் தவிர, வருஷம் முழுக்க அவள் மகளைத் தூங்கும்போதுதான் பார்க்கிறாள். அந்த மகளுக்கு வயது எட்டு. இந்த வீட்டுச் சின்னப் பெண் வாலுவுக்கும் எட்டு. வாலுவுக்குச் சின்னதாய்ப் போன சட்டையெல்லாம் அவளுக்குத்தான் போகும்.

"சரிங்க சார்," என்றாள்.

"ஆங், பதிவேட்டுல காலையில வந்ததும் லீவுன்னு கையெழுத்துப் போட்டுடு. எங்கக்கா புரட்டிப் பாப்பா."

அப்படியாக, மறுநாள் காலை ஆறு மணிக்கு வேலைக்கு வந்த சமையல் அக்கா, முதல் வேலையாகத் தான் வரவில்லை என்று கையெழுத்துப் போட்டாள். காரணம் என்ற பத்தியில் மைக் சொல்லச் சொல்ல எழுதினாள்: 'மகளுடன் சமைக்க.'

ஏழரை மணிக்குக் குழந்தைகள் சமையல் தொடங்கியது. தொப்பி, ஏப்ரன் எல்லாம் புதுசு. பெரியவனுக்குப் பதினொரு வயது. முட்டையை உடைக்கச் சொன்னார்கள், உடைத்தான். கிண்ணத்தில் உடைக்கச் சொல்லவில்லையே என்று பிறகு வாதாடினான். படம் எடுக்கும்வரை கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, உப்புக்குச் சப்பாணி வேலை முடிந்தது என்று டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டான்.

வாலு அப்படியில்லை. அவள் அறிவிப்பை எழுத்துக்கூட்டிப் படித்து அப்படியே நம்பியவள். ஸ்டூல் போட்டு ஏறி, நாக்கைக் கடித்துக்கொண்டு, கேரட்டை ஒவ்வொன்றாக நட்சத்திரம் மாதிரி வெட்டினாள். ஒன்றுகூட நட்சத்திரமாக வரவில்லை. அதற்காக ஒன்றையும் எறியவில்லை. சூப் கெட்டியாக வேண்டும் என்று மூன்று பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டாள். நிறம் வேண்டும் என்று ஆரஞ்சு ஜூஸ் ஊற்றினாள். ஒன்றே கால் மணி நேரம் கிளறினாள். கட்டைவிரலில் சூடு பட்டதை யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் இறக்கிவிடுவார்கள் என்று தெரியும்.

மைக் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். முகத்தைச் சிரித்தபடியே வைத்திருந்தார், அது தொழில் பழக்கம்.

"அபாரம்! தங்கமே, நீ போய் மேஜையில தட்டெல்லாம் அடுக்கு," என்றார். அவள் அடுப்படி வாசலைத் தாண்டியதும், குரலைத் தாழ்த்தாமலே, "இதைக் கொட்டிடும்மா. காளான் சூப் வச்சுடு," என்றார்.

சமையல் அக்கா பாத்திரத்தைத் தூக்கித் தொட்டியில் சாய்த்தாள். நட்சத்திரங்கள் ஜல்லடையில் அடைத்துக்கொண்டன. விரலால் அள்ளிக் குப்பையில் போட்டாள். நிமிர்ந்தபோது வாலு வாசலில் தட்டுகளைக் கட்டிப்பிடித்தபடி நின்றிருந்தாள்.

"கண்ணு..."

வாலு தட்டுகளை அடுக்கப் போனாள்.

பிறகு வேலை பறந்தது. ஒரு அடுப்பில் சூப், ஒரு அடுப்பில் உருளைக்கிழங்கு, ஓவனில் முழுக்கோழி. நடுவில் இரண்டு முறை செல்போன். "அம்மா, ஒரு கிண்ணம் பட்டாணி உரிச்சுட்டேன்." "நல்ல பிள்ளை. அடுப்புகிட்ட போகாதே." "அம்மா, ரெண்டு கிண்ணம். பக்கத்து வீட்டு அத்தை பாத்துக்கறாங்க. எப்ப வருவே?" "ஒன்றரைக்குள்ள வந்துடுவேன்டா. அரிசியைக் களைஞ்சு வை, போதும்." இந்தச் சமையல் வகுப்புக்குத் தொப்பியும் இல்லை, படம் எடுக்கவும் ஆளில்லை.

பதினொன்று பத்துக்கு வாசல் மணி அடித்தது. மைக் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"ஐயையோ, எங்கக்கா!"

ஒரு மணி என்று சொன்னால் பதினொரு மணிக்கு வருவதுதான் இன்ஸ்பெக்‌ஷன் என்று தெரியாதவரா மைக்? பேச்சு பலமாக இருப்பவர்களுக்கு ஞாபகம் அவ்வளவாக நிற்காது.

பின்கதவுக்குப் போகும் வழி முன்வாசல் கேட்டிலிருந்து நேராகத் தெரியும். சமையல் அக்கா ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. மைக் அவள் தோளைப் பிடித்து ஸ்டோர் ரூமுக்குள் தள்ளினார். "ஒரு அஞ்சு நிமிஷம்!" என்று சொல்லிக் கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பி, எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தார். வாலு நின்றிருந்தாள்.

"தங்கமே, இது உன் பொறுப்பு. அப்பா சொல்றப்போ திறக்கணும். அத்தைகிட்ட மூச்சு விடக்கூடாது."

வாலு சாவியை வாங்கி ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். ஸ்டோர் ரூமில் உண்மையிலேயே ஒரு பூசணிக்காய் இருந்தது. அதை யாரும் மறைக்கவில்லை.

அத்தை உள்ளே வந்தாள். பின்னாலேயே டாக்டரின் தம்பி, வாலுவின் மாமாவும் வந்தார். இன்ஷூரன்ஸ் ஏஜென்டான அவர் சாப்பாட்டு நேரத்தை மோப்பத்தாலேயே கணக்கிடுபவர். அத்தை மேஜை ஓரத்தை விரலால் தடவி விரலைப் பார்த்தாள். நேராக அடுப்படிக்கு வந்தாள்.

"சமையல்காரி எங்கடா?"

"லீவுக்கா. முழு நாள் ஓய்வு. குழந்தைகளே எல்லாம்..."

"அப்படியா!" அத்தை உருளைக்கிழங்குப் பாத்திரத்தைத் திறந்தாள். "எல்லாத் துண்டும் ஒரே அளவு. பரவாயில்லையே, எட்டு வயசுக் கை கோடு பிடிச்ச மாதிரி நறுக்குது. எனக்கு அறுபத்திரண்டு, இன்னும் வரலை." அவள் ஒரு நாற்காலியை இழுத்து, அடுப்படிக்கு நடுவில் எத்தனையோ இடம் இருக்க, ஸ்டோர் ரூம் கதவோடு ஒட்டிப் போட்டு, முதுகைக் கதவில் சாய்த்து உட்கார்ந்தாள். "நான் இங்கேயே இருக்கேன். பிள்ளைங்க பரிமாறற அழகைப் பாக்கணும்."

மைக்கின் நெற்றியில் கோழியில் மினுங்கியதைவிட அதிக எண்ணெய் மினுங்கியது.

உள்ளே இருட்டு. உருளைக்கிழங்கு மூட்டைமேல் சமையல் அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் போன் அதிர்ந்தது. மகள். கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

"என்னடா சத்தம் அது? உறுமற மாதிரி?" என்றாள் அத்தை.

"ஃபிரிட்ஜ்க்கா, பழசாயிடுச்சு," என்றாள் பல் டாக்டர், பல்லைக் காட்டியபடி.

"ஃபிரிட்ஜ் அந்தப் பக்கம்ல இருக்கு?"

உள்ளே ஒரு கட்டைவிரல் அழைப்பைத் துண்டித்தது. மூன்று கிண்ணம் ஆகிவிட்டது என்று சொல்லத்தான் கூப்பிட்டிருப்பாள்.

பன்னிரண்டு பத்துக்கு அத்தை எழுந்தாள். "கை கழுவிட்டு வர்றேன். அந்தப் பதிவேடு எங்க மாட்டியிருக்கே? காட்டு." அவள் பின்னாலேயே மைக்கும் டாக்டரும் ஓடினார்கள். மாமா கோழியை நகரவிடாமல் பார்த்துக்கொள்ள மேஜைக்குப் போய்விட்டார். அடுப்படியில் வாலு மட்டும் இருந்தாள்.

கதவுக்குப் பின்னாலிருந்து ரகசியக் குரல் வந்தது.

"கண்ணு... வாலு... இருக்கியா?"

"இருக்கேன்."

"அத்தை போயிட்டாங்கடா. கதவைத் திற. பின்கதவு வழியா ஓடிடறேன். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு."

வாலு ஏப்ரன் பைக்குள் கையை விட்டாள்.

"சாவி உங்கிட்டதானே இருக்கு?"

"இருக்கு."

"திறடா தங்கம். என் பொண்ணு காத்துட்டிருக்கா. உன் வயசுதான் அவளுக்கும். உன் நீலச் சட்டையைப் போட்டுக்கிட்டுக் காலையில இருந்து வாசல்லயே நிக்கறா."

"என் சூப்பை நீங்கதானே கொட்டினீங்க?"

கதவுக்குப் பின்னால் மூட்டை சரசரத்தது.

"அப்பா கொட்டச் சொன்னாங்க கண்ணு. நானா கொட்டலை."

வாலு யோசித்தாள். அவள் நியாயம் தெரிந்த பிள்ளை.

"அப்பாவை எப்படிப் பூட்டறது?" என்றாள்.

பிறகு பையில் சாவியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு மேஜைக்குப் போனாள்.

பன்னிரண்டரைக்குத் தெருமுனையில் பஸ் நின்று, இரண்டு முறை ஹாரன் அடித்து, கிளம்பிப் போனது. லீவு நாளில் தெரு அமைதியாக இருக்கும், அதனால் எல்லாருக்கும் கேட்டது. ஸ்டோர் ரூமில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தெளிவாகவே கேட்டது.

விருந்து தொடங்கியது. வாலு சூப்பைக் கொண்டுவந்து வைத்தாள். எல்லாரும் உறிஞ்சினார்கள். மைக் எழுந்து நின்றார். கையில் மைக் இல்லாததால் கரண்டியைப் பிடித்துக்கொண்டார். "இந்தச் சூப்பில் நீங்கள் ருசிப்பது காளான் அல்ல. ஒரு குழந்தையின் தன்னம்பிக்கை!"

"தன்னம்பிக்கையில மிளகு கொஞ்சம் தூக்கல், அத்தான். ஆனா ஜோர்," என்றார் மாமா.

அத்தை வாலுவைப் பார்த்தாள். "எப்படிப் பண்ணினே, சொல்லு பாப்போம்."

இதற்குத்தான் வாலு காலையிலிருந்து காத்திருந்தாள்.

"மொதல்ல கேரட்டை நட்சத்திரமா வெட்டணும். அப்புறம் மூணு பிஸ்கட். அப்புறம் ஆரஞ்சு ஜூஸ். அப்புறம் கிளறிட்டே இருக்கணும், கை வலிச்சாலும்."

அவரவர் கிண்ணத்தில் ஒரு கேரட்டாவது மிதக்கிறதா என்று எல்லாரும் குனிந்து தேடினார்கள்.

"பிஸ்கட் போட்டா காளான் முளைக்குமா? விஞ்ஞானம் எங்கயோ போயிடுச்சு!" என்றார் மாமா.

எல்லாரும் வெடித்துச் சிரித்தார்கள். டாக்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பெரியவன் நாற்காலியிலிருந்து சரிந்து சிரித்தான். "பாத்தீங்களா, குழந்தை! ரகசியக் குறிப்பை வெளிய விடமாட்டா!" என்று சொல்லிச் சொல்லி மைக் சிரித்தார். வாலு எல்லார் வாயையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு தன் கிண்ணத்தை எடுத்து, அந்தச் சூப்பை ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்து, "நான்தான் பண்ணினேன்," என்றாள்.

"சபாஷ்!" என்றாள் அத்தை. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

கோழி போனது, உருளைக்கிழங்கு போனது, கேக் போனது. கதை பேசி, படம் எடுத்து, படத்தைப் பார்த்து, அதைப் பற்றிப் பேசி, ஐந்து மணி பஸ்ஸும் போனது. ஐந்து இருபதுக்கு அத்தை செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசலில் தம்பியின் காதருகே குனிந்தாள்.

"டேய் தம்பி, அடுத்த வருஷம் என் முறை. அன்னைக்கு அவளை எங்க வீட்டுக்கு அனுப்பிடு. எங்க ஸ்டோர் ரூம்ல ஜன்னல் இருக்கு."

மைக் திரும்பி வந்தபோது முகம் கொஞ்சம் வெளிறியிருந்தது. "சாவி? சாவி யார்கிட்ட?"

வாலு பையிலிருந்து எடுத்து நீட்டினாள். "எங்கிட்டதான் இருக்கு. நீங்க சொல்லாம திறக்கக்கூடாதுன்னீங்களே!"

மைக்கின் கண் கலங்கியது. நாற்பத்திரண்டாவது கூட்டத்துக்கு உதாரணம் கிடைத்துவிட்டது. மனைவியின் தோளைத் தட்டினார். "பாத்தியா? காலையில இருந்து பத்திரமா வச்சிருக்கா. இதுக்குப் பேர்தான் பொறுப்பு."

கதவு திறந்தது. சமையல் அக்கா வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அஞ்சு நிமிஷம்னு நெனச்சது கொஞ்சம் இழுத்துடுச்சும்மா. எப்படியும் பஸ் போயிடுச்சு. பிள்ளைங்க பாவம், நின்னு நின்னு களைச்சுப் போயிட்டாங்க. அந்தப் பாத்திரத்தை மட்டும் பாத்துடு. ராத்திரிக்கு இங்கயே படுத்துக்கோ," என்றாள் டாக்டர்.

இருட்டிய பிறகு, தொட்டியடியில் நின்று சமையல் அக்கா போனைக் காதில் இடுக்கிக்கொண்டாள்.

"தூங்கலையாடா?... இல்லடா, பஸ் வரலை... ஆமா, வரவே இல்லை... நாலு கிண்ணமா? எங்கம்மா!... பசிச்சுதா?... பச்சையாவேவா? எல்லாத்தையுமா?... சரி, சரி. வயித்தை வலிச்சா பக்கத்து வீட்டு அத்தைகிட்ட சொல்லு. அரிசியைத் தண்ணியில இருந்து எடுத்து வச்சிடு."

பக்கத்தில் ஸ்டூலில் வாலு உட்கார்ந்து கட்டைவிரல் கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சமையல் அக்கா அவளையும் பார்க்கவில்லை, விரலையும் பார்க்கவில்லை. ஜல்லடையில் ஒட்டியிருந்த கடைசி நட்சத்திரத்தைச் சுரண்டிக் குப்பையில் போட்டாள்.

மறுநாள் காலை காப்பியைக் கொண்டுபோய் மைக் முன்னால் வைத்தாள்.

"சார், நேத்து போக முடியலை. இன்னைக்கு ஒரு நாள் போயிட்டு வந்துடட்டுமா?"

மைக் நல்ல மனநிலையில் இருந்தார். எழுந்துபோய் ஆணியிலிருந்து பதிவேட்டை எடுத்துவந்து அவள் பக்கத்தைப் புரட்டினார். உதட்டைப் பிதுக்கினார். அவருக்கே வருத்தமாகத்தான் இருந்தது.

"என்னம்மா பண்றது? நேத்து தேதி போட்டு நீயே கையெழுத்துப் போட்டிருக்கே. வருஷத்துக்கு ஒண்ணுதானே? நானே நெனச்சாலும் அடிக்க முடியாது, பாரு."

குறிப்பு என்ற பத்தியில் சிவப்பு மையில் அத்தையின் கையெழுத்து இருந்தது. 'சரிபார்க்கப்பட்டது.'

பதிவேட்டின்படி, அவள் மகளுடன் சமைத்துவிட்டு வந்திருந்தாள்.